வீட்டை விற்கிறோம், குறையை மறைக்கிறோம்: உறுதி எழுதிய பின் எழும் பிணக்குகள்

எங்கள் மஹல்லா பள்ளிவாசலில் பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதற்கென ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. அதில் நானும் சில வருடங்களாக இருந்து வருகிறேன். ஆரம்பத்தில் எங்களிடம் வந்தவை பெரும்பாலும் குடும்பப் பிரச்சினைகளும் கடன் விவகாரங்களும்தான். அண்மைக் காலமாக வேறொரு வகைப் பிணக்கு அடிக்கடி வருகிறது. வீடு வாங்கியவர் ஒரு பக்கம், விற்றவர் மறுபக்கம். உறுதி எழுதி முடிந்திருக்கும், பணம் கைமாறியிருக்கும், சாவியும் கொடுக்கப்பட்டிருக்கும். அதன் பிறகுதான் கூரை ஒழுகும், சுவர் ஊறும், மலசலகூடக் குழி நிரம்பும். யார் திருத்துவது, யார் செலவைக் கொடுப்பது என்பதுதான் வழக்கு.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலுக்குப் பிறகு இது இன்னும் கூர்மையடைந்திருக்கிறது. களனி கங்கையின் இரு கரைகளிலும் வீடுகள் நீரில் மூழ்கின. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில் மண்சரிவு உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. நிலத்தில் நம்பிக்கை இழந்த பலர் வீட்டை விற்றுவிட்டு வேறிடம் போக நினைக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வெள்ளம் புகுந்த வீட்டையும் வெடிப்பு விழுந்த வீட்டையும் எப்படி விற்கிறோம் என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டும் விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

புதுப் பெயின்ட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

வாங்கியவர் பதினொரு வருடங்கள் சவூதியில் சாரதியாக உழைத்தவர். மூத்த மகளின் நிகாஹுக்கு முன் கொழும்பை அண்டி ஒரு வீடு வாங்க வேண்டும் என்பது அவரது கனவு. எட்டுப் பேர்ச் காணியில் ஒரு வீடு அமைந்தது. விலை ஒரு கோடியே நாற்பது இலட்சம். அவர் அங்கிருந்தபடியே வீடியோ அழைப்பில் பார்த்தார். மனைவியும் மச்சானும் நேரில் போய்ப் பார்த்தார்கள். வீடு முழுக்கப் புதுப் பெயின்ட், பளிச்சென்று இருந்தது. "இந்த ஒழுங்கைக்கு மட்டும் தண்ணி வாறல்ல" என்று தரகர் சொன்னார். விற்பவர் பக்கத்தில்தான் நின்றார். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

குடிபுகுந்து ஆறு வாரங்களில் மழை தொடங்கியது. சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பி உதிர்ந்தது. அதன் கீழே இடுப்பளவு உயரத்தில் ஒரே நேர்கோட்டில் மண்நிறக் கறை. பிளக் பொயின்ட்டுகளில் ஈரம் ஏறி ட்ரிப் சுவிட்ச் ஓயாமல் விழுந்தது. கதவு நிலைகள் ஊதிப்போய்க் கதவுகள் அடைபட மறுத்தன. இதையெல்லாம் அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், பந்தெடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுவன் சுவரைக் காட்டிச் சொல்லியிருக்கிறான்: "எங்க ஊட்டுலயும் இதுவரைக்கும் வந்திச்சு. ஒங்க ஊட்டுல அதவிடக் கூட."

ஊரில் ஒரு சிறு பிள்ளைக்குத் தெரிந்த செய்தி, ஒரு கோடியே நாற்பது இலட்சம் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரு தரப்பும் பள்ளிக்கு வந்தபோது விற்றவரின் வாதம் நாங்கள் எப்போதும் கேட்பதுதான். "அவங்க வந்து பாத்துத்தானே வாங்கினாங்க. நான் ஒண்டும் பொய் சொல்லல்ல. உறுதியும் எழுதி முடிஞ்சிச்சு." வாங்கியவர் ரியாதிலிருந்து தொலைபேசியில் பேசினார். அவர் கோபப்படவில்லை. "ஹாஜியார், ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விலையக் கொறச்சிக் கேட்டிருப்பேன், இல்லாட்டி வேற எடம் பாத்திருப்பேன். அந்த உரிமையத்தானே நீங்க எடுத்துட்டீங்க" என்றார்.

அன்று குழுவில் ஒரு மணித்தியாலம் செலவுக் கணக்கைப் பற்றியே பேசினோம். மேசன் பாஸ் கொடுத்த மதிப்பீடு ஒன்பது இலட்சம். அதில் யாருக்கு எவ்வளவு என்று பேரம் நடந்தது. நானும் பேசினேன். வீடு திரும்பும் வழியில்தான் ஒன்று உறைத்தது. உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எங்களில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை: "உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை?"

உறுதியில் வீடு எங்கே இருக்கிறது?

நம்மில் பலர் உறுதியை ஒரு பெரிய பாதுகாப்பாக நினைக்கிறோம். காணி, வீடு விற்பனை எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிடப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அது அவசியமான பாதுகாப்புத்தான். ஆனால் அது பாதுகாப்பது உரித்தை. உங்கள் உறுதியை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லைகள் இருக்கும், பேர்ச் கணக்கு இருக்கும், நில அளவையாளரின் வரைபட இலக்கம் இருக்கும். உரித்தில் யாராவது வழக்குப் பேசினால் விற்றவர் முன்னின்று காப்பார் என்ற வாசகமும் இருக்கும். நீங்கள் கோடிகள் கொடுத்து வாங்கிய வீடு, அட்டவணையின் கடைசியில் "அதன் மீதுள்ள கட்டடங்கள், மரங்கள், பயிர்கள் மற்றும் சகலதும்" என்ற பொருள்படும் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். கூரையைப் பற்றியோ குழியைப் பற்றியோ வெள்ளத்தைப் பற்றியோ ஒரு சொல் இருக்காது.

அப்படியானால் வாங்கியவருக்குச் சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. அசையும் பொருட்களின் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உண்டு. காணிக்கும் வீட்டுக்கும் அது பொருந்தாது. அவற்றுக்கு நமது நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டமே பொருந்தும். கண்ணால் பார்த்தாலே தெரியும் குறைக்கு அச்சட்டத்தில் பரிகாரம் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வாங்குபவரின் கடமை. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, விற்கும்போதே இருந்த மறைந்த குறைக்கு விற்றவர் பொறுப்பாளி. குறை பாரதூரமானதாக இருந்தால் விற்பனையையே இரத்துச் செய்யக் கோரலாம், அல்லது குறையின் அளவுக்கு விலையைக் குறைத்துத் தரக் கேட்கலாம். விற்றவருக்கு அந்தக் குறை தெரியாமலிருந்தாலும் இந்தப் பொறுப்பு உண்டு. "உள்ளது உள்ளபடி விற்கிறேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அறியாமல் விற்றவருக்கு அது கேடயமாகும். அறிந்தே மறைத்தவருக்கு அது உதவாது.

சட்டம் இப்படி இருந்தும் வாங்கியவர் ஏன் தடுமாறுகிறார்? நான் கண்டவரையில் மூன்று காரணங்கள்.

முதலாவது, சாட்சியம். வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. எழுத்தில் உள்ள ஆவணத்தின் நிபந்தனைகளுக்கு முரணாக வாய்மொழிச் சாட்சியம் கொண்டுவருவதை 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மோசடி நடந்தது என்று நிரூபிக்கலாம், ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் வாங்கியவரின் தலையில்தான். "கூரையை நான் செஞ்சி தாறேன், நீங்க யோசிக்காதீங்க" என்று சொன்னவர், சாவியைக் கொடுத்த பிறகு தொலைபேசியைத் தூக்குவதில்லை.

இரண்டாவது, நமது கைகளாலேயே நாம் தோண்டும் குழி. கைமாறும் விலை ஒன்று, உறுதியில் எழுதும் விலை வேறொன்று. முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு வாங்கிய வீட்டை எண்பது இலட்சம் என்று எழுதினால் ஏறத்தாழ இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம். மேலே சொன்ன சம்பவத்திலும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. பின்னர் விலைக் குறைப்போ விலையைத் திருப்பித் தருமாறோ கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், வாங்கியவர் தனது சொந்த உறுதியே பொய் என்று சொல்லித்தான் வழக்கைத் தொடங்க வேண்டும். விற்றவரின் பொய்யை முறையிட வந்தவர், இருவரும் சேர்ந்து எழுதிய பொய்யின் மேல் நிற்கிறார்.

மூன்றாவது, காலமும் செலவும். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சிவில் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். ஒன்பது இலட்ச ரூபாய் திருத்த வேலைக்காக அந்தப் பயணத்தைத் தொடங்க எவருக்கும் மனம் வருவதில்லை. சிலர் காதி நீதவானிடம் போகிறார்கள். காதி நீதிமன்றத்தின் அதிகாரம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்துக்குள் அடங்கியது. வீட்டு விற்பனைப் பிணக்கைத் தீர்க்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கடைசியில் எல்லோரும் பள்ளிவாசலுக்கு வருகிறார்கள்.

தொடர்மாடி வீடுகளில் நிலைமை சற்று வேறு. அங்கே கூரை, வெளிச்சுவர், பொதுக் குழாய்கள் போன்றவை பொதுப் பகுதிகள். அவற்றின் பராமரிப்பு முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. எனவே மேல்தளத்தில் வீடு வாங்குபவர் விற்பவரிடம் மட்டும் கேட்டால் போதாது. கூட்டுத்தாபனத்திடமும் கேட்க வேண்டும், அதற்குச் செலுத்த வேண்டிய நிலுவை ஏதும் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

மழை நனைத்த தானியம்

பள்ளிவாசலுக்கு வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் வாங்கியவரைப் பொறுமை செய்யச் சொல்கிறோம். "நடந்தது நடந்துபோச்சு, அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுங்க" என்கிறோம். ஸப்ர் உயர்ந்த பண்புதான். ஆனால் ஏமாற்றப்பட்டவரிடம் மட்டும் அதைக் கேட்பது நீதியாகாது.

நாம் குத்பாக்களில் பலமுறை கேட்ட ஒரு சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற எச்சரிக்கை அந்த இடத்தில்தான் வந்தது. அந்த வியாபாரி மீது மழை பெய்தது குற்றமல்ல. நனைந்ததை விற்க வந்ததும் குற்றமல்ல. நனைந்ததை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம்.

நமது வீடுகளில் வெள்ளம் வந்ததும் குற்றமல்ல. வெள்ளம் வந்த வீட்டை விற்பதும் குற்றமல்ல. அந்தக் கறையின் மேல் பூசும் புதுப் பெயின்ட், மேலே பரப்பிய காய்ந்த தானியமாகிவிடக் கூடாது. பெயின்ட் பூசுங்கள், ஆனால் கறை இருந்ததையும் சொல்லுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டம் இதில் தெளிவானது. குறை காரணமாகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்குக் கியாறுல் ஐப் என்று பெயர். ஒப்படைப்பதற்கு முன்பே இருந்த, விலையைக் குறைக்கக்கூடிய குறை பின்னர் தெரியவந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெறலாம். "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று நிபந்தனையிட்டு விற்றால்? உயிர்ப்பிராணியில் விற்பவருக்கே தெரியாத உட்குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை உதவும், மற்றவற்றுக்கு உதவாது என்பதே மத்ஹபில் வலுவான நிலைப்பாடு. வீடு இந்த விதிவிலக்குக்குள் வராது. ஆக, "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் நாட்டுச் சட்டத்தில் தரும் பாதுகாப்பைக்கூட மத்ஹபு விற்பவருக்குத் தரவில்லை.

அதே சட்டம் வாங்கியவரையும் கட்டுப்படுத்துகிறது. குறையைக் கண்டவுடன் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். கண்ட பிறகும் பேசாமல் அனுபவித்துக்கொண்டிருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும். சுவரை இடித்து, அறையைக் கூட்டி, எட்டு மாதம் கழித்து வந்து "வீட்ட நீங்களே எடுங்க" என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் குறைக்கான ஈட்டுத் தொகையைப் பற்றித்தான் பேசலாம்.

விற்றவர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து வருடப் பழைய வீடு என்று சொல்லியே விலையைக் குறைத்து வாங்கிவிட்டு, பிறகு தண்ணீர்க் குழாய் பழசு, ஓடு பழசு என்று பட்டியல் கொண்டுவருபவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் வாழ்ந்த வீட்டில் பன்னிரண்டு பேர் குடியேறி, குழி நிரம்பியதற்கு விற்றவரைத் தேடி வந்தவரும் உண்டு. பழசு வேறு, குறை வேறு. விலை பேசும்போது கணக்கில் எடுத்ததை இரண்டாவது முறை கணக்கில் எடுக்க முடியாது.

ஒரு தாள் போதும்

இந்தப் பிணக்குகளில் பெரும்பாலானவற்றை ஒரே ஒரு தாளால் தடுக்கலாம் என்பது எனது கருத்து. முற்பணம் கொடுக்கும் நாளில் விற்பவர் தன் கைப்பட நிரப்பி, இருவரும் கையொப்பமிட வேண்டிய ஒரு தாள். அதில் இவ்வளவு கேள்விகள் இருந்தால் போதும்: வீட்டுக்குள்ளோ வளவுக்குள்ளோ எப்போதாவது வெள்ளம் வந்ததா, எந்த ஆண்டு, எந்த உயரம்? கூரையோ சிலாப்போ எங்காவது ஒழுகுகிறதா? சுவரிலோ தரையிலோ வெடிப்பு விழுந்து பூசப்பட்டதா? கறையான் வந்ததா? குழி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது இறைக்கப்பட்டது? கிணற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க நிற்கிறதா? கட்டடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் இணக்கச் சான்றிதழும் உண்டா? பக்கத்து வீட்டாரோடு சுவர், கான், வழி பற்றிய தகராறு உண்டா? திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்ட வேலைகள் எவை, எந்தத் திகதிக்குள்?

மலைநாட்டில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாக்கி வைத்திருக்கிறது. வாங்கப்போகும் காணி அதில் எங்கே வருகிறது என்று கேட்டறியாமல் முற்பணம் கொடுக்கவே கூடாது. டித்வாவுக்குப் பிறகும் இதைக் கேட்காமல் வாங்கினால் நாம் யாரையும் குறை சொல்ல முடியாது.

வாங்குபவர்கள் தாங்களும் கண்ணைத் திறக்க வேண்டும். வீட்டை வெயிலில் மட்டும் பார்க்காமல் ஒரு நல்ல மழை பெய்த மறுநாளும் போய்ப் பாருங்கள். அனுபவமுள்ள மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஒரு நாள் கூலி கோடியில் ஒரு தூசு. இரண்டு பக்கத்து வீடுகளில் ஸலாம் சொல்லி விசாரியுங்கள். விலையில் ஒரு சிறு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்திவைக்க விற்பவர் உடன்பட்டால் அதை எழுதிக்கொள்ளுங்கள். கைமாறும் விலையையே உறுதியில் எழுதுங்கள்.

ஜம்இய்யத்துல் உலமாவின் கிளைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சேர்ந்து இப்படியொரு படிவத்தைத் தயாரித்து, நமது நொத்தாரிசுமாரிடமும் தரகர்களிடமும் கொடுத்தால் செலவு அச்சுக்கூலி மட்டும்தான். நிகாஹுக்கு எத்தனையோ படிவம் நிரப்புகிறோம். அந்த நிகாஹுக்காக வாழ்நாள் உழைப்பைப் போட்டு வாங்கும் வீட்டுக்கு ஒரு தாள் நிரப்பக் கூடாதா?

இதை எழுதும்போது என்னையும் நான் விட்டுவிட முடியாது. 2011இல் வாப்பாவின் பழைய வீட்டை நாங்கள் விற்றோம். பின்னறையின் கூரை மரத்தில் கறையான் இருந்தது எனக்குத் தெரியும். வாங்கியவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று அன்று என் மனதுக்குச் சமாதானம் சொன்னேன். அந்தக் குழுக் கூட்டத்துக்குப் பிறகு பல நாள் தயங்கி அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "அது முதல் வருசமே வுழுந்துட்டு நானா. ஒங்களுக்குத் தெரியாதுண்டுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். மரம் மாற்றிய செலவைக் கேட்டு அனுப்பிவைத்தேன். ஆனால் அந்த மனிதர் இத்தனை வருடமாக என்னைப் பற்றி வைத்திருந்த நல்லெண்ணத்துக்கு நான் தகுதியானவனாக இருக்கவில்லை. அதற்கு எந்த மேசனிடமும் மதிப்பீடு கேட்க முடியாது.

சவூதிச் சகோதரரின் பிணக்கு ஐந்து இலட்சத்தில் முடிந்தது. விற்றவர் இரண்டு தவணையில் கொடுத்தார். இரண்டாவது தவணை கொடுக்க வந்த அன்று நான் அவரைத் தனியே அழைத்து, கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைக் கேட்டேன். வெகுநேரம் தலையைக் குனிந்திருந்தார். "சொன்னா வாங்க மாட்டாங்களோண்டு பயந்துட்டேன். எனக்கும் ஒரு மகள் ஈக்கிறா" என்றார்.

இரண்டு பக்கமும் ஒரு தகப்பன், இரண்டு பக்கமும் ஒரு மகள். விற்பவர் உண்மை பேசிக் குறையை எடுத்துச் சொன்னால் அந்தக் கொடுக்கல் வாங்கலில் இருவருக்குமே பரகத் உண்டு, மறைத்தால் அது அழிந்துபோகும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியின் கருத்து. அந்த மகளின் வீட்டுச் சுவருக்கு இப்போது மீண்டும் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். இந்த முறை அதன் கீழே என்ன இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும்.